உதிரும் பாறைச் சுவர்களில் ஒரு தலைக்கவசம்: பெட்ஸல் போரியோ

பெட்ஸல் நிறுவனத்தின் போரியோ தலைக்கவசத்தை மூன்று கோடைக்காலங்கள் ஆல்ப்ஸ் மலையின் பெரிய பாறைச் சுவர்களில் அணிந்து ஏறிய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். உள்ளரங்கப் பயிற்சிச் சுவரோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு இதனால் பெரிய பயன் இராது. தலைக்கு மேலே பல நூறு மீட்டர் கருங்கல் நிற்க, அதில் எது மலையோடு ஒட்டியிருக்கிறது, எது சும்மா சாய்ந்து நிற்கிறது என்று தட்டிப் பார்த்தே ஏறவேண்டிய இடங்களுக்குப் போகிறவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

முதலில், எந்தத் தலைக்கவசத்திடமும் எதிர்பார்க்கக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய மலையேற்ற வீரர் வால்டர் பொனாத்தி 1955இல் தனியாளாக ஆறு நாள்களில் ஏறிய, பிரான்ஸிலுள்ள துரு (Dru) என்ற சிகரத்தின் தென்மேற்குத் தூண், 2005 ஜூனில் இரண்டரை லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான பாறையாக இடிந்து விழுந்தது; அந்தப் புகழ்பெற்ற வழியே இல்லாமல் போயிற்று. சுவிட்சர்லாந்தின் பெர்கெல் பகுதியில் 2017 ஆகஸ்ட் 23 அன்று பிட்ஸ் செங்காலோ மலையிலிருந்து ஏறத்தாழ 30 லட்சம் கன மீட்டர் பாறை சரிந்து, கீழே பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்த எட்டுப் பேரைக் கொண்டுபோயிற்று. உயரமான சுவர்களின் விரிசல்களுக்குள் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் பனிக்கட்டிதான் பல இடங்களில் பாறைகளைப் பிணைத்து வைத்திருக்கிறது. வெப்பம் கூடி அது தளரும்போது பிணைப்பும் தளர்கிறது. அந்த அளவிலான சரிவுக்கு முன்னால் தலைக்கவசம் ஒரு பொருட்டே அல்ல. எந்தச் சுவருக்கு எந்த மாதத்தில், எந்த நேரத்தில் போவதென்ற முடிவு ஒன்றே அங்கே காப்பு.

தலைக்கவசத்தின் வேலை சிறு கற்களோடு. மலையேற்றத் தலைக்கவசங்களுக்கான ஐரோப்பியத் தரச் சோதனையில், 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து உச்சியில் விழச் செய்வார்கள். தலைக்குக் கடத்தப்படும் விசை 10 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. இதைப் பாறையின் மொழியில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காற்றின் தடையை விட்டுவிட்டால், 200 கிராம் கல் 50 மீட்டர், அதாவது ஒரு கயிற்று நீளம், விழும்போது சேரும் ஆற்றலும் ஏறத்தாழ அந்தச் சோதனை எடையின் ஆற்றலேதான். 200 கிராம் கருங்கல் என்பது நல்ல பருமனான எலுமிச்சம்பழ அளவு. அது வந்து சேரும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர். பக்கவாட்டில் அதே எடையை அரை மீட்டரிலிருந்துதான் விழச் செய்கிறார்கள் என்பதால், அங்கே தரம் கேட்பது கால் பங்கு ஆற்றல் மட்டுமே.

அந்தப் பக்கவாட்டுக்காகவே போரியோவைத் தேர்ந்தேன். கெட்டியான ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் இரண்டு வகை நுரைகளை, ஒன்று பாலிபுரோப்பிலீன், மற்றொன்று நம் தெர்மாக்கோல் இனம், வைத்துக் காதுக்கு மேலும் பின்மண்டையிலும் தாழ இறக்கியிருக்கிறார்கள். அதே பெர்கெல் பகுதியிலுள்ள பிட்ஸ் பதிலே மலையின் வடக்கு முகட்டில் இதன் அருமை தெரிந்தது. எனக்கு முப்பது மீட்டர் மேலே ஏறிக்கொண்டிருந்த தோழரின் கயிறு ஒரு பாறைச் செதிலுக்குப் பின்னால் மாட்டி, இழுத்த இழுப்பில் செதிலைப் பெயர்த்தது. "சாஸ்ஸோ!" (கல்!) என்று இத்தாலிய மொழியில் அவர் கத்தியதும் நான் மேலே பார்க்காமல் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கல் எனக்குச் சற்று மேலே மோதி உடைந்து, ஒரு துண்டு இடக் காதுக்கு மேலே விழுந்தது. கல்லோடு கல் மோதினால் எழும் கருகல் வாடை அடங்கும்வரை அசையாமல் நின்றேன். கழுத்து இரண்டு நாள் வலித்தது, தலைக்கு ஒன்றுமில்லை. ஓட்டில் கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளைக் கீறலும் அதன் நடுவில் ஒரு பள்ளமும் மிஞ்சின.

எடைதான் இதற்கு எதிரான வாதம். போரியோ அளவைப் பொறுத்து 285 அல்லது 295 கிராம்; அதே நிறுவனத்தின் சிரோக்கோ 160 அல்லது 170 கிராம். பன்னிரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்து ஏறும் நாளில் கழுத்துக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆனால் இதற்கு முன் நான் வைத்திருந்த, வேறொரு நிறுவனத்தின் மெல்லிய நுரைத் தலைக்கவசம், பையை நான் கவனமின்றிப் பாறைமேல் போட்ட ஒரே போடில் விரிசல் விட்டது. பைக்குள் திணித்து, பாறை இடுக்கில் உரசி, ஆண்டுக்கணக்கில் முரட்டுத்தனமாகப் புழங்குபவருக்குக் கெட்டியான ஓடே ஏற்றது என்பது என் கருத்து. தலைப்பட்டையை உள்ளே மடித்துவிட்டால் பையில் இடமும் மிச்சம். நெற்றி விளக்குக்கு முன்னால் இரண்டு கொக்கிகளும் பின்னால் ஒரு ரப்பர் பட்டையும் உண்டு. விடியுமுன் கிளம்பவேண்டிய மலைகளில் இது சிறு விஷயமல்ல.

பலத்த அடி வாங்கிய தலைக்கவசத்தை, வெளியில் விரிசல் தெரியாவிட்டாலும், ஓய்வுபெறச் செய்ய வேண்டும். ஆகவே கீறல் விழுந்ததைக் கழித்துவிட்டு மறுபடியும் போரியோவையே வாங்கினேன். என் தலைச் சுற்றளவு 57 சென்டிமீட்டர். 48 முதல் 58 வரையுள்ள சிறிய அளவுக்கும், 53 முதல் 61 வரையுள்ள பெரிய அளவுக்கும் அது பொருந்தும். முதல் முறை வெறும் தலையில் பார்த்துச் சிறியதை வாங்கி, குளிர்க் காலைகளில் கம்பளித் தொப்பியோடு அணிய முடியாமல் தவித்தேன். இம்முறை தொப்பியைக் கடைக்கே எடுத்துப் போனேன்.