கெட்டில் பொருக்கு எடுக்கிற பவுடர்: யூஸ் பண்ணிப் பாத்துட்டு எழுதுறேன்

பாக்கெட்ல 'டீஸ்கேலர்'னு, அதாவது 'ஸ்கேல்' எடுக்கிறதுன்னு போட்டிருக்கு, ஆனா அந்த ஸ்கேலுக்கு நம்மகிட்ட 'பொருக்கு'ன்னு எவ்ளோ அழகான வார்த்தை இருக்கு. புண்ணு காஞ்சா மேல பொருக்கு தட்டும், சேறு காஞ்சா பொருக்கு பொருக்கா வெடிச்சு எழும்பும், மரத்துல உரியுற பட்டையும் பொருக்குதான், அப்போ கெட்டில் அடியில வெள்ளையா இறுகிப்போய் நகத்தால சுரண்டினா செதில் செதிலா வர்றதும் அதேதான? சும்மா 'படிவு'ன்னா அடியில தங்குன எதுக்கும் சொல்லலாம், பொருக்குன்னா காஞ்சு, இறுகி, பேந்து வரணும். பல்லுல கெட்டியாகுறதை மட்டும் காரைன்னு சொல்றோம்.

சரி பவுடருக்கு வர்றேன். உள்ள இருக்கிறது சிட்ரிக் ஆசிட். உப்புத்தண்ணிய கொதிக்க வைக்கும்போது அதுல கரைஞ்சிருக்கிற கால்சியம், கார்பனேட்டா மாறி ஒட்டிக்குது, ஆசிட் பட்டதும் அது கரைஞ்சு கார்பன் டை ஆக்சைடு குமிழியா வெளிய வரும். வெந்நீர்ல ரெண்டு ஸ்பூன் போட்டதும் சுர்ருன்னு நுரை வந்துச்சு, அரை மணி நேரத்துல அடித்தகடு பளிச்சுன்னு ஆயிடுச்சு, ஓரத்துல மட்டும் கொஞ்சம் பிடிவாதமா இருந்துச்சு, அதுக்கு இன்னொரு தடவ போட்டேன். ரெண்டு மூணு தடவ நல்லா கழுவிடுங்க. ப்ளீச்சோட மட்டும் கலந்துடாதீங்க, விஷவாயு வரும், இதை பாக்கெட்ல பெருசா போட்டிருக்கணும், பொடி எழுத்துல போட்டதுக்குத்தான் ஒரு ஸ்டார் கம்மி.