சேலத்தில் ஷேக் கிளப்புக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு (தைராய்டு, சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் கட்டாயம் படிக்கவும்)

சேலத்தில் இப்போது ஏரியாவுக்கு ஒரு ஷேக் கிளப் இருக்கிறது, எடை குறைய என்று டப்பாப் பொடியைக் கலக்கி ஷேக்காகக் குடிக்கக் கொடுக்கும் இடம். ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி, சூரமங்கலம், அம்மாப்பேட்டை, எங்கே பார்த்தாலும் ஏதோ ஒரு மாடி வீட்டில் காலை ஆறு மணிக்கே மிக்ஸி ஓடும். வெளியே போர்டு இருக்காது, படிக்கட்டில் செருப்பு மட்டும் நிறையக் கிடக்கும். காந்தி ஸ்டேடியத்தில் நடக்க வருகிறவர்கள் கையில் "இலவச பாடி செக்கப்" என்று நோட்டீஸ் கொடுப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வந்தது. பொடி விற்கும் கம்பெனி பேரையும், கிளப் நடத்தும் கோச் பேரையும் இங்கே போடவில்லை. நான் விசாரித்தவரை டப்பாவின் கலர்தான் மாறுகிறது, கதை ஒன்றுதான்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். நாள் பூரா உட்கார்ந்த வேலை. தைராய்டுக்குக் காலையில் வெறும் வயிற்றில் 75 மைக்ரோகிராம் மாத்திரை. எடை ஏறிக்கொண்டே இருந்தது, முட்டி வலி வேறு. இப்படி இருக்கிற பெண்களைத்தான் அந்த நோட்டீஸ் தேடி வருகிறது.

செக்கப் என்றால் என்ன? ஒரு எடை மெஷின், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் இன்னொரு மெஷின். அது உடம்பில் லேசான மின்சாரத்தை விட்டு, எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்துக் கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்திருந்தால் ஒரு நம்பர், குடிக்காவிட்டால் ஒரு நம்பர். "அக்கா, உங்களுக்கு வயசு நாப்பத்திமூணு, உடம்புக்கு அம்பத்தெட்டு ஆயிருச்சுங்க" என்றார் கோச். பயம் வராமல் என்ன செய்யும்? அப்புறம் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பேர், போன் நம்பர், எவ்வளவு குறைக்க வேண்டும், அதற்குக் கீழே சொந்தக்காரர்கள், நண்பர்கள் பத்துப் பேரின் நம்பர் எழுத பத்துக் கோடு. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க அதில் ஒரு கோடு கூட இல்லை.

காலையும் ராத்திரியும் ஷேக், நடுவில் ஒரு டீ, நார்ச்சத்துப் பொடி ஒன்று, சத்து மாத்திரை ஒன்று. மாசம் ஒன்பதாயிரம் கிட்ட வந்தது. முதல் வாரம் இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கியது. கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், குரூப்பில் போட்டார்கள்.

அந்த இரண்டு கிலோ என்ன என்று பிறகு டாக்டர் விளக்கினார். சாப்பாட்டைக் குறைத்ததும் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு முதலில் கரைகிறது. அது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து வெளியேறும். எங்கள் பட்டறையில் வெள்ளி குறைந்தால் எத்தனை கிராம் என்பதோடு விடமாட்டார்கள், டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்து போனது வெள்ளியா செம்பா என்று கேட்பார்கள். அந்தக் கிளப்பில் போனது தண்ணீரா, தசையா, கொழுப்பா என்று யாரும் கேட்கவில்லை. முள் இறங்கினால் போதும்.

பொடியால் எடை குறையவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, குறைந்தது. இரண்டு வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் குடித்தால் யாருக்கும் குறையும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். என் டப்பாவில் ஒரு தடவைக்கு 25 கிராம் பொடி, அதில் 9 கிராம் புரதம். இரண்டு நாமக்கல் முட்டையில் இதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கிறது. அதே டப்பாவில் பொடி எழுத்தில் இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்றும் போட்டிருந்தது. இந்த வகைப் பொருள்களின் லேபிளில் அந்த வாசகம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ம் ஆண்டு விதி. கோச் வாயில் மட்டும் அது தைராய்டு, சர்க்கரை, குழந்தையின்மை எல்லாவற்றுக்கும் மருந்து. டப்பாவில் இருக்கும் 14 இலக்க லைசென்ஸ் நம்பரைக் காட்டி "கவர்மென்ட்டே ஒத்துக்கிட்டது" என்பார்கள். அது உணவு வியாபாரம் செய்வதற்கான லைசென்ஸ். எடை குறையும் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் இல்லை.

இனி மாத்திரை விஷயம். இந்தப் பதிவையே இதற்காகத்தான் எழுதுகிறேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு மாத்திரை, ஆறு மணிக்குக் கிளப்பில் ஷேக். இதுதான் என் வழக்கமாக இருந்தது. ஷேக்கில் சோயா இருக்கிறது, கால்சியம் இருக்கிறது, இரும்புச் சத்து இருக்கிறது, மேலே நார்ச்சத்துப் பொடி. இந்த நாலுமே தைராக்ஸின் மாத்திரை (நான் போடும் தைராய்டு மாத்திரை) குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியவை. மாத்திரை போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, கால்சியம், இரும்புச் சத்துக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கோச்சிடம் நான் மாத்திரை போடுகிறேன் என்று நானாகவே சொன்னேன். "தாராளமா போடுங்கக்கா, ரெண்டு மாசத்துல அதுவே தேவைப்படாது" என்றார்.

அசதி கூடியது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மலச்சிக்கல். கேட்டதற்கு "கழிவு வெளியேறுதுங்க, நல்லது" என்று பதில். மூணு வருஷமாக 3-க்குள் இருந்த டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறுகிற ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையில் 11 காட்டியது. ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "காலையில மாத்திரைக்கு அப்புறம் என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கம் படித்தார். டோஸை ஏற்றவில்லை. பொடியை நிறுத்தி, மாத்திரை நேரத்தைச் சரி செய்து, ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். 4-க்குக் கீழே வந்திருந்தது. முடிக்கு அவர் சொன்ன காரணம் இரண்டு: ஒன்று தைராய்டு, இன்னொன்று வேகமாக எடை குறைந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத் தானாகவே முடி கொட்டும். வேக வேகமாகக் குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறதாம். இதெல்லாம் கிளப் சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோக்களுக்குக் கீழே எழுதியிருக்காது.

எனக்காவது இதோடு போனது. கன்னங்குறிச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்குப் பதில் ஷேக் குடித்தார். ஒரு நாள் படிக்கட்டிலேயே வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டம்மா சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது. கோச் அன்றைக்கும் கழிவு பற்றித்தான் பேசினார்.

எடை ஒரு கட்டத்தில் நின்றதும் லேபிள் இல்லாத கேப்ஸ்யூல் ஒன்று வெளியே வந்தது. "ஹெர்பல்தான்". நான் வாங்கவில்லை. உடல் இளைக்க என்று உலகம் முழுக்க விற்ற மூலிகை மாத்திரைகள் பலவற்றில் சிபுட்ரமின் கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக இந்தியாவில் 2011-லேயே தடை செய்யப்பட்ட மருந்து அது. கிரீன் டீ கூட டம்ளரில் குடித்தால் பரவாயில்லை, சாறாக்கிக் கேப்ஸ்யூலில் அடைத்து, அதன் முக்கிய வேதிப்பொருள் நாளைக்கு 800 மில்லிகிராம் அளவுக்குப் போனால் கல்லீரலுக்குக் கெடுதல் வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொல்லியிருக்கிறது. மீன் குழம்பில் போடும் குடம்புளியின் சாறும் இப்படித்தான் மாத்திரையாக விற்கிறது. அதிலும் கல்லீரல் பாதிப்புப் பதிவாகியிருக்கிறது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை "ஹெல்த் செமினார்" என்று ஐந்து ரோட்டிலிருந்து வேன் வைத்து ஏற்காடு கூட்டிப் போனார்கள். காசு நம்முடையது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏதோ ஒரு ஹோட்டல் ஹாலில் உட்கார்ந்தால், ஹெல்த் பற்றி அரை மணி நேரம், மிச்சம் முழுக்க ஐடி போடுவது (நாமும் விற்பனையாளராகச் சேர்வது), டவுன்லைன் (நமக்குக் கீழே ஆள் சேர்ப்பது), பாயிண்ட், கார் வாங்கியவர் கதை. உங்கள் ஃபாரத்தில் எழுதிய பத்துப் பேரை எப்படிக் கூப்பிடுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். சாயங்காலம் ஏரிக்கரையில் எங்கள் கோச் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஏற்காடு போனால் பஜ்ஜி சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் பஜ்ஜியும் சாப்பிடுகிற வாழ்க்கையில் எடையை எப்படி வைத்துக்கொள்வது என்பதை அவர் எங்களுக்குச் சொல்லித் தந்ததே இல்லை. ஷேக்கை நிறுத்தினால் என்ன சாப்பிடுவது என்று கேட்டால், "எதுக்குங்க நிறுத்தணும்?" என்பார்.

பொடியை நிறுத்திய பிறகு வழக்கமான சாப்பாடு திரும்பியது, எடையும் திரும்பியது. இதில் ஆச்சரியம் இல்லை என்றார் டாக்டர். ஷேக்கை வைத்தே ஒழுங்காக நடந்த ஆராய்ச்சி ஒன்றைச் சொன்னார். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகள் 306 பேரை வைத்து நடந்த 'டைரக்ட்' ஆய்வு, முதல் முடிவு 2017-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் சாப்பாட்டையே நிறுத்தி நாளைக்கு 850 கலோரி அளவுக்கு ஷேக், சூப் மட்டும். சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை முதல் நாளே மருத்துவக் குழு நிறுத்திக் கண்காணித்தது. அதற்கு அப்புறம்தான் முக்கியமான பகுதி: சாப்பாட்டைப் படிப்படியாகத் திருப்பிக் கொண்டுவருவது, மாதாமாதம் நர்ஸையோ டயட்டீஷியனையோ பார்ப்பது. ஒரு வருஷ முடிவில் அவர்கள் சராசரியாக 10 கிலோ குறைந்திருந்தார்கள், 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள். இரண்டாம் வருஷ முடிவில் 7.6 கிலோ, 36 சதவீதம். அத்தனை கவனிப்பு இருந்தும் கொஞ்சம் திரும்பியது. எங்கள் கிளப்பில் இருந்தது முதல் பாதி மட்டும், அதுவும் மாத்திரையைப் பார்க்க ஆள் இல்லாமல். இரண்டாம் பாதியைச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த மாசம் டப்பா விற்காது.

கடைசியில் பணம். பிரிக்காத டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, பில் என் பேரில் இல்லை. கோச் தன் ஐடியில் தள்ளுபடி விலைக்கு எடுத்து எனக்கு முழு விலைக்குக் கொடுத்திருக்கிறார். "பில் உங்க பேர்ல இல்லையே அக்கா, கம்பெனி எடுத்துக்காது" என்றார். அக்கா என்ற மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. இப்படிக் கடை இல்லாமல் ஆள் மூலம் விற்கும் நேரடி விற்பனைக்கென்று 2021 டிசம்பரில் மத்திய அரசு விதிகள் கொண்டு வந்திருக்கிறது. விற்கிறவர் ரசீது தர வேண்டும், திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிட் திட்டத்துக்குத் தடை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். நான் ஜிபே செய்த ரசீதுகள், குரூப்பில் அவர் போட்ட "தைராய்டு குணமாகும்" மெசேஜ், டப்பா போட்டோ எல்லாம் கையில் இருந்தது. புகார் எண்ணை அனுப்பிய பிறகு பிரிக்காத டப்பாக்களின் பணம் வந்தது. குடித்ததற்கு ஒன்றும் வரவில்லை. கையில் ஆதாரம் இருக்கிறவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பொய்யான உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் என்று உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு சொல்கிறது, அதற்கு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

இப்போது ஷேக் குடித்துக்கொண்டே இதைப் படிக்கிற தைராய்டுக்காரர்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தாதீர்கள், டோஸை நீங்களாக ஏற்றவும் வேண்டாம். டப்பாவை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போய் ஒரு டி.எஸ்.எச். எடுத்துப் பாருங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பதில் ஷேக் குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளை கூட வேண்டாம்.