368-ஆ, 289-ஆ? எங்கள் ரெய்டில் இரண்டு மேஜ்களின் ஹிட் கணக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பத்துப் பேர் சேர்ந்து சனிக்கிழமை ராத்திரி ரெய்டு (குழுவாகப் பெரிய எதிரிகளை அடிக்கும் ஆட்டம்) போகிறோம். விளையாட்டு வேர்ல்டு ஆஃப் வார்கிராப்ட் என்ற ஆன்லைன் ஆட்டம், அதன் பழைய பதிப்பான ராத் ஆஃப் தி லிச் கிங் காலத்து விதிகள். எங்களிடம் இரண்டு ஃபயர் மேஜ்கள், அதாவது நெருப்பு மந்திரம் எறிகிறவர்கள். கோபாலபுரத்து மச்சான் ஹிட் ரேட்டிங்கை (மந்திரம் தவறாமல் படுவதற்கான புள்ளி) 368-ல் வைத்திருக்கிறார். வேலந்தாவளத்துத் தம்பி 289-ல் நிறுத்திவிட்டு மிச்சத்தை ஸ்பெல் பவரில் (மந்திரத்தின் அடி பலம்) போட்டிருக்கிறான். யார் செய்தது சரி என்று மூன்று வாரமாகப் பேச்சு. ரெய்டை நடத்துகிறவன் நான் என்பதால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

முதலில் அடிப்படை. நாம் லெவல் 80, ரெய்டு பாஸ் (அங்கே அடிக்க வேண்டிய பெரிய எதிரி) 83. மூன்று லெவல் வித்தியாசத்தில் மந்திரம் தவறும் வாய்ப்பு 17 சதவீதம். ஒரு சதவீதத்தை அடைக்க 26.23 ரேட்டிங் வேண்டும். மொத்தமும் கியரிலேயே (அணிந்திருக்கும் உடை, ஆயுதம்) அடைப்பதென்றால் 446. மேஜ்களுக்குப் பிரிசிஷன் என்ற டேலண்ட் (தேர்ந்தெடுக்கும் திறமை) 3 சதவீதம் தருகிறது, அதனால் 14 போதும், அதாவது 368. ரெய்டில் ஷேடோ பிரீஸ்ட் என்ற வகை ஆட்டக்காரர் இருந்தால் அவருடைய மிசரி என்ற விளைவு பாஸ் மேல் விழுந்து எல்லாருடைய மந்திரத்துக்கும் இன்னொரு 3 சதவீதம் கூடும். பேலன்ஸ் டிரூயிடின் மேம்படுத்திய ஃபேரி ஃபயரும் அதையேதான் தருகிறது. இரண்டு பேரும் இருந்தாலும் 3-தான், 6 ஆகாது. அப்போது மேஜுக்கு 11 சதவீதம், 289.

ஆக மச்சான் ஷேடோ பிரீஸ்ட் வரமாட்டார் என்று எண்ணிக் கியர் போடுகிறார், தம்பி வருவார் என்று நம்பிப் போடுகிறான்.

இடையில் இருப்பது 79 புள்ளி. கியரில் பதிக்கும் நல்ல ஊதாத் தரக் கல்லில் ஹிட் என்றால் 20, ஸ்பெல் பவர் என்றால் 23. நாலு கல்லில் மச்சானுக்கு 80 ஹிட், தம்பிக்கு 92 ஸ்பெல் பவர். இந்த நாலு கல்தான் மொத்தச் சண்டையும்.

பிரீஸ்ட் இல்லாத ராத்திரியில் தம்பியின் மந்திரங்கள் நூற்றுக்கு மூன்று தவறும். ஐந்து நிமிடச் சண்டையில் இரண்டரை விநாடிக்கு ஒரு ஃபயர்பால் என்றால் 120 தடவை எறிகிறான். மூன்று, நாலு வீண். 97-லிருந்து 100-க்குப் போனால் அடி சுமார் 3.1 சதவீதம் கூடும். அடிப்படையும் சேர்த்து 3500 அடிக்கிற மந்திரத்தில் 92 ஸ்பெல் பவர் முழுசாக இறங்கினாலும் 2.6 சதவீதம்தான். மச்சான் முந்துகிறார், ஆனால் அரை சதவீதத்தில்.

பிரீஸ்ட் வந்த ராத்திரியில் நிலைமை தலைகீழ். மச்சானின் 80 ஹிட்டில் ஒரு புள்ளிகூட வேலை செய்யாது. எல்லை தாண்டிய ஹிட் கிரிட்டாகவோ (கூடுதல் அடி விழும் வாய்ப்பு) ஹேஸ்டாகவோ (மந்திரம் எறியும் வேகம்) மாறுவதில்லை, அப்படியே செத்துக் கிடக்கிறது. தம்பியின் 2.6 சதவீதம் முழுசாக நிற்கிறது. தப்பான பக்கம் நின்றால் மச்சான் இழப்பது தம்பி இழப்பதைப்போல ஐந்து மடங்கு. இது எனக்கே புதிதாகத் தெரிந்தது. மச்சான் வழி பத்திரமான வழி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஹேஸ்டையும் ஒரு கை பார்த்துவிடலாம். ஒரு சதவீத ஹேஸ்டுக்கு 32.79, கிரிட்டுக்கு 45.91. அதே 26 புள்ளியை ஹேஸ்டில் போட்டால் 0.8 சதவீத வேகம், ஹிட்டில் போட்டால் எல்லை தொடும்வரை ஒரு சதவீதத்துக்கும் மேல். கிரிட் இரண்டுக்கும் பின்னால். அதனால் எல்லைக்கு உள்ளே இருக்கும்வரை ஹிட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு: கியர் ஏற ஏற 92 ஸ்பெல் பவரின் பங்கு சுருங்குகிறது, ஹிட்டின் பங்கு சுருங்குவதில்லை, அது மொத்த அடியையும் பெருக்குகிறது. தொடக்கத்து ரெய்டான நாக்ஸ்ராமஸில் சரியாக இருந்த கணக்கைப் பின்னால் வரும் ஐஸ்கிரவுன் ரெய்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரக்கூடாது.

வார்லாக் என்ற இன்னொரு மந்திரவாதி வகைக்கு இதே கணக்கு செல்லாது. கரப்ஷன் மாதிரி உடனே விழும் மந்திரம் தவறினால் ஒன்றரை விநாடிதான் போகும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஃபயர்பால் தவறினால் எறிய எடுத்த நேரம் முழுவதும் போச்சு. நீண்ட நேரம் எடுக்கிற மந்திரம் வைத்திருப்பவர்தான் ஹிட்டுக்கு அதிகம் கவலைப்பட வேண்டும்.

அடியை மட்டும் வைத்து முடிவு செய்தால் தம்பி பக்கமே போயிருப்பேன். ஆனால் ஐஸ்கிரவுனில் லேடி டெத்விஸ்பர் என்ற பாஸ் இருக்கிறாள். கேடயம் உடைந்த பிறகு அவள் விடும் ஃபிராஸ்ட்போல்ட்டை வெட்டியே ஆக வேண்டும், அதாவது எறியும்போதே தடுத்து நிறுத்த வேண்டும். அப்படி வெட்டும் மேஜின் கவுண்டர்ஸ்பெல்லும் தவறக்கூடிய மந்திரம்தான். போன ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு போன ராத்திரி, கரண்ட் போய் எங்கள் ஷேடோ பிரீஸ்ட் பாதியில் காணாமல் போனார். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே குடியிருப்பவர்களுக்கு இது புரியும். தம்பியின் கவுண்டர்ஸ்பெல் தவறியது, பாஸின் அடியைத் தாங்குகிற டேங்க் விழுந்தார், பின்னாலேயே எல்லாரும். “ஏங்ணா, எனக்குன்னு பார்த்து மிஸ் ஆகுது?” என்று அவன் கேட்டபோது பாவமாக இருந்தது. நூற்றில் மூன்று என்பது அடியில் சின்ன விஷயம், வெட்ட வேண்டிய ஒரே நொடியில் பெரிய விஷயம். அதற்காகக் குழுவைக் குணப்படுத்துகிற ஹீலரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஷாமன் வகை ஹீலருக்கு விண்ட் ஷியர் என்ற வெட்டு மந்திரம் இருந்தாலும் கியரில் ஹிட் இருக்காது, தவறும்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, இருவருமே அதைப் பேசவில்லை. சாப்பாடு. எல்லாரும் ஃபிஷ் ஃபீஸ்ட்டில் 46 ஸ்பெல் பவர் எடுக்கிறோம். ஸ்னாப்பர் எக்ஸ்ட்ரீம் சாப்பிட்டால் 40 ஹிட், ஒன்றரை சதவீதம். கல்லைப் பிடுங்காமல், அன்று ராத்திரி யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம். பிரீஸ்ட் இல்லை என்றால் தம்பியின் 3 சதவீதப் பள்ளம் பாதியாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

சின்னக் குழுவாக ஹீரோயிக் டஞ்சன் மட்டும் போகிறவர்கள் இதையெல்லாம் விட்டுவிடலாம். அங்கே பாஸ் லெவல் 82, தவறும் வாய்ப்பு 6 சதவீதம்தான்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று விளையாட்டுகள் பின்னால் முடிவு செய்தன. வார்கிராப்ட் 2014-ல் ஹிட்டை எடுத்துவிட்டது. ஃபைனல் ஃபேன்டஸி 14-ம் 2017-ல் அக்யூரசியை நீக்கி டைரக்ட் ஹிட் வைத்தது. அது குறைந்தால் மந்திரம் தவறாது, கூடுதல் அடி விழும் வாய்ப்பு மட்டும் குறையும். புதியவர்களுக்கு அது நல்லது. ஆனால் ஷேடோ பிரீஸ்ட் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் மந்திரம் எறிகிற எல்லாருக்கும் சுமார் 79 புள்ளி மிச்சமாகும் சந்தோஷம் அங்கே இல்லை. அதற்காகவே நான் பழைய விதிகளில் விளையாடுகிறேன்.

எங்கள் குழுவில் இப்போதைக்கு இப்படி: தம்பி 289-லேயே இருக்கட்டும், பையில் ஐந்து ஸ்னாப்பர் எக்ஸ்ட்ரீம் வைத்துக்கொள்ளட்டும். மச்சான் இரண்டு கல்லை மட்டும் ஸ்பெல் பவருக்கு மாற்றுகிறார், டெத்விஸ்பரை வெட்டும் வேலை அவருக்கு. 328-ல் அந்தச் சாப்பாடும் சேர்ந்தால் பிரீஸ்ட் இல்லாத ராத்திரியிலும் அவர் 368-ஐத் தொட்டுவிடுவார்.