கப்பலில் இறந்தவரின் பணத்தை வாங்கித் தருவதாக வருபவர்கள்: ஓர் எச்சரிக்கை

சரக்குக் கப்பலில் மோட்டார்மேனாக (இன்ஜின் அறைத் தொழிலாளி) இருந்த என் தங்கையின் கணவர், உயில் எதுவும் எழுதாமல், பணியின்போதே மாரடைப்பால் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள், கம்பெனியிடமிருந்து வரவேண்டியதையெல்லாம் வாங்கித் தருவதாகத் தூத்துக்குடி இடைத்தரகர் ஒருவர் வீடு தேடி வந்து, பொது அதிகாரப் பத்திரத்திலும் ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்க ரசீதிலும் என் தங்கையிடம் கையெழுத்து வாங்கிச் சென்றார். கப்பல் உரிமையாளரிடம் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அந்த ரசீதின் கடைசிப் பக்கத்தில் இருந்த வரியை மட்டும் அவர் படித்துக் காட்டவில்லை. இழப்பீட்டில் ஒரு பகுதிதான் வந்தது. அதிலும் ஆறில் ஒரு பங்கு அவருக்குப் போனது.

இந்தியா 2015இல் ஏற்ற 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, ஒப்பந்தத்தில் உள்ள இழப்பீட்டைத் தாமதமின்றி முழுமையாகத் தரவேண்டும். குறைத்து வாங்கும்படி நெருக்கக் கூடாது. அதன் மாதிரி ரசீதிலேயே, பணம் பெறுவதால் வேறு சட்டக் கோரிக்கைகள் அற்றுப்போகா என்ற வாசகம் உள்ளது.

சம்பள பாக்கியில் நடந்தது இன்னும் மோசம். என் தங்கையின் கணவர் திருமணத்துக்கு முன் தன் தாயின் பெயரில் கொடுத்த நாமினேஷனைக் காட்டி, முழுத் தொகையும் தாய்க்கே சொந்தம் என்று சொல்லி, என் தங்கையிடம் ஆட்சேபணையில்லாக் கடிதமும் அந்தத் தரகர் கேட்டார். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, வாரிசுகளின் உரிமை அதனால் போகாது என்று ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இலேயே சொல்லிவிட்டது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தாய், மனைவி, மகன், மகள் நால்வருக்கும் சம பங்கு.

கப்பலிலிருந்து வந்து சேர்ந்த சூட்கேஸில் பாய்லர் சூட்டும் (வேலை உடை) ஷேவிங் செட்டும் இருந்தன. லேப்டாப்பும் கைக்கடிகாரமும் இல்லை. உடைமைகளின் பட்டியலைக் கேட்டால், அப்படி ஒன்று கிடையாது என்றார் தரகர். இறந்தவரின் உடைமைகளையும் சம்பளக் கணக்கையும் கப்பலின் அதிகாரப்பூர்வப் பதிவேடான லாக் புத்தகத்தில் கேப்டன் பதியவேண்டும் என்பது 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்திலேயே இருந்த விதி. ஆகவே பணி ஒப்பந்தம், நாமினேஷன் படிவம், லாக் பதிவு ஆகியவற்றின் நகல்களை, வேலைக்கு அனுப்பிய உரிமம் பெற்ற நிறுவனத்திடம் நேரடியாக எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்குப் புகார் அனுப்புங்கள். வாரிசுச் சான்றிதழைத் தாசில்தாரிடம் குடும்பமே வாங்கலாம். அதற்குத் தரகர் எதற்கு?

அந்தத் தரகர் இப்போது கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள மணப்பாடு பக்கமும் போய்வருவதாகக் கேள்விப்படுகிறோம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கணக்கே வேறு: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு, பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கில்லை. எங்கள் வீட்டில் சொன்ன கதையையே அங்கும் சொன்னால், எதிலும் கையெழுத்திடாதீர்கள்.