மேல்மாடியில் ஒரு தம்பதியர் ஆலோசனை மையம்: பதினோரு அமர்வுகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், கைத்தொலைபேசிக் கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கும் ஆலோசனை மையத்துக்கு நானும் என் கணவரும் ஐந்து மாதங்களில் பதினோரு முறை சென்றோம். ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரம். கட்டணம் 130 வெள்ளி (ரிங்கிட்). மொத்தம் 1,430 வெள்ளி செலவானது. குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும், எங்கள் ஊரில் மையத்தின் பெயரைச் சொன்னால் அங்கே இருக்கும் ஒரே ஆலோசகரைச் சுட்டிக்காட்டியதாக ஆகிவிடும் என்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படி ஒரு சேவைக்குப் பணம் கட்டலாமா என்று தயங்கி நிற்கும் தம்பதியருக்கு, அங்கே உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் போதும் என்பதே என் நோக்கம்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் கணவர் செம்பனை ஆலையில் ஃபோர்மன். அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் லயத்து வீடுகள் இடிக்கப்பட்ட அதே ஆண்டில் என் மாமியாரும் காலமானார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் பேசுவது குறைந்தது. வேலை முடிந்து வந்ததும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன் மேலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டை அறைக்கு எடுத்துச் செல்வார், பாதியைக் கொட்டுவார். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவார். அவருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருக்கிறது என்று நான் ஏழு மாதம் நம்பினேன். என் நாத்தனார் செய்வினை என்றார். அதற்கும் ஒரு சாமியாடியிடம் போய் வந்தோம்.

மனநலம் என்ற சொல்லை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு முகவரிதான் உண்டு: ஈப்போவுக்குப் போகும் வழியில் சற்று ஒதுங்கி இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான். அங்குள்ள மனநல மருத்துவமனை 1911-இல் தொடங்கப்பட்டது. பெயரில் இருக்கும் 'பஹாகியா' என்ற மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்று பொருள். ஆனால் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிப்போனதால், அந்தத் திசையில் உதவி கேட்கும் எவரும் முதலில் அந்த வசையைத் தாண்ட வேண்டியிருக்கிறது. கைத்தொலைபேசிக் கடையின் மேல்மாடி என்பது, அந்த வகையில், பெரிய வசதி. 'சார்ஜர் வாங்கப் போனேன்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் நாள் சுவரில் நான் தேடிப் பார்த்தது சான்றிதழைத்தான். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்படி, ஆலோசகர் என்ற பெயரில் தொழில் செய்பவர் ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். செல்லுபடியாகும் தொழிற்சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். இரண்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதற்கு முன் வேறோர் இடத்தில், 'குடும்ப ஆலோசனை' என்று விளம்பரம் செய்திருந்த ஒருவர், நாற்பது நிமிடம் எங்களுக்குப் பொறுமையின் பெருமையை எடுத்துரைத்து, என்னைப் பார்த்து "நீங்கதான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும்மா" என்று முடித்தார். அவர் சுவரில் சாமிப் படங்கள் மட்டுமே இருந்தன.

மேல்மாடி ஆலோசகர் முப்பது வயதுக்குச் சற்று மேற்பட்ட பெண். என்னை டீச்சர் என்றும் என் கணவரை அண்ணா என்றும் அழைத்தார். முதல் அமர்வில் இருவரையும் சேர்த்து அரை மணி நேரம் பேசவைத்தபின், ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்தார். என்னிடம் கேட்ட முதல் கேள்வி, அவர் எப்போதாவது கை நீட்டியிருக்கிறாரா, வீட்டில் நான் பயந்து வாழ்கிறேனா என்பது. வன்முறை இருக்கும் வீட்டில் கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசச் சொன்னால், அங்கே வாயைத் திறந்த பாவத்துக்கு வீட்டுக்குப் போனதும் அவள் அடி வாங்கலாம். அதனால் இந்தத் தனிக் கேள்வியைக் கேட்காத எந்தத் தம்பதியர் ஆலோசகரையும் நான் இனி நம்ப மாட்டேன்.

பிறகு எங்கள் இருவருக்குமே மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரங்களில் ஆர்வமின்மை, தூக்கக் கோளாறு, சோர்வு, பசி மாற்றம், தன்னைத் தானே குறைவாக எண்ணுதல் போன்றவை எத்தனை நாள் இருந்தன என்று கேட்கும் படிவம் அது. மதிப்பெண் 0 முதல் 27 வரை. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். என் கணவருக்கு 17, எனக்கு 9. நோயாளி அவர், நான் துணைக்கு வந்தவள் என்று நினைத்திருந்த எனக்கு அந்த ஒன்பது சற்று உறைத்தது.

கடைசிக் கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. என் கணவர் அதை வெறுமையாக விட்டிருந்தார். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது என்றும், அப்படி ஓர் எண்ணம் வந்தது என்று சொல்வதால் போலீஸ் வீட்டுக்கு வராது என்றும் ஆலோசகர் நிதானமாக விளக்கினார். அதன் பிறகே, "சில நாளு வந்துச்சும்மா" என்று என் கணவர் தரையைப் பார்த்துச் சொன்னார். பதினெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த எனக்கு அது தெரியாது. அன்றே ஆலோசகர் சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணையும், 24 மணி நேரமும் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணையும் எங்கள் இருவர் தொலைபேசியிலும் பதியவைத்தார். என் கணவருடைய வேலைச் சாமான்களில் இருந்த களைக்கொல்லிப் போத்தலை வீட்டிலிருந்து அகற்றச் சொன்னார். தோட்டப்புறத்தை அறிந்தவர் சொல்லும் யோசனை அது.

ஆலோசகர் மருந்து எழுத முடியாது. அவர் கொடுத்த கடிதத்துடன் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போனோம்; குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி. மனச்சோர்வு மருந்து தொடங்கியது. இந்த வகை மருந்து வேலை செய்ய சில வாரங்கள் ஆகும் என்பதும், தாம்பத்திய ஆசையைப் பலருக்கு மழுங்கச் செய்யும் என்பதும் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஒரு மாத அழுகை மிச்சமாகியிருக்கும். மருந்து கொடுத்த இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. மேல்மாடியில்தான், நான்காம் அமர்வில், எந்தக் கூச்சமும் காட்டாமல் ஆலோசகர் இதைப் பேசினார். நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றித் தரக் கேளுங்கள் என்றார். கணவர் என்னை வெறுக்கிறார் என்று நான் எடுத்து வைத்திருந்த சாட்சியங்களில் ஒன்று அன்றைக்கு விழுந்தது.

இந்தச் சேவையின் சாரம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது இதுதான். மனச்சோர்வின் அறிகுறிகள் ஒவ்வொன்றும் வெளியிலிருந்து பார்க்கும்போது அன்பின்மையைப் போலவே இருக்கின்றன. பேச ஆற்றல் இல்லாதவர் பேச விருப்பம் இல்லாதவராகத் தெரிகிறார். எதிலும் இன்பம் காணாதவர் என்னிடம் இன்பம் காணாதவராகத் தெரிகிறார். நான் "என்னங்க ஆச்சு, என்னங்க ஆச்சு" என்று துருவத் துருவ, தாம் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாக அவர் உணர்ந்து இன்னும் உள்ளே போனார். அவர் உள்ளே போகப் போக நான் இன்னும் துருவினேன். ஆலோசகர் இதை ஒரு தாளில் வட்டமாக வரைந்து, எங்கே தொடங்கியது என்று எங்கள் இருவரையும் குறிக்கச் சொன்னார். என் கணவர் ஓரிடத்தில் குறித்தார். நான் நேர் எதிர்ப்புறத்தில் குறித்தேன். இருவரும் சரி என்றார் ஆலோசகர்.

ஆய்வுலகமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது என்பதைப் பிறகு நானே படித்தேன். மார்க் விஸ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2001-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மணவாழ்வின் மனநிறைவுக்கும் மனச்சோர்வுக்கும் இடையிலான எதிர்மறைத் தொடர்பு பெண்களிடம் 0.42 அளவிலும் ஆண்களிடம் 0.37 அளவிலும் இருந்தது (1 என்றால் முழுத் தொடர்பு). இது கணிசமான தொடர்பு, ஆனால் முழுத் தொடர்பு அல்ல. மனச்சோர்வு வந்த எல்லா வீட்டிலும் மணவாழ்வு கெடுவதில்லை. கெட்ட மணவாழ்வு எல்லாம் மனச்சோர்வில் முடிவதுமில்லை. விஸ்மனும் அவருடைய சகாக்களும் 2004-இல் தம்பதியரை இணையாக வைத்து ஆராய்ந்தபோது, ஒருவருடைய சோர்வு கூடும் இடத்தில் அவருடைய மனநிறைவு மட்டுமல்ல, துணைவரின் மனநிறைவும் குறைவாக இருப்பது தெரிந்தது. என்னுடைய ஒன்பது மதிப்பெண் அப்போது எனக்குப் புரிந்தது. மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வு 2019-இல் 2.3 விழுக்காட்டினரிடம் கண்ட மனச்சோர்வு, 2023-இல் 4.6 விழுக்காடாக ஏறியிருக்கிறது. அந்தக் கணக்கில் நோயாளி மட்டுமே எண்ணப்படுகிறார். அவருடன் ஒரே மேசையில் சாப்பிடுபவர் எண்ணப்படுவதில்லை.

நடு அமர்வுகளில் நடந்தவை பார்வைக்கு அற்பமானவை. தினமும் மாலையில் கைத்தொலைபேசி இல்லாமல் பதினைந்து நிமிடம் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும். கடன், பிள்ளைகளின் மதிப்பெண், மாமியார் வீட்டு விவகாரம் மூன்றும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வரக் கூடாது. அவர் செய்த ஒரு சிறு நன்மையையாவது நான் நாளுக்கு ஒரு முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவரும் அவ்வாறே. நோயை 'அது' என்று மூன்றாம் ஆளாகக் குறிப்பிட வேண்டும். "இன்னிக்கு அது கொஞ்சம் மேல உக்காந்திருக்கும்மா" என்று அவர் சொன்ன நாளில், எனக்கு மட்டும் அல்ல, அவருக்கே சிரிப்பு வந்தது. வாரத்தில் ஒரு நாள் இருவரும் சேர்ந்து வெளியே போக வேண்டும். நாங்கள் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையைத் தேர்ந்தெடுத்தோம். முதல் முறை ஒரு அப்பம் பாலிக் பலகாரம் வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம்.

மூன்றாம் மாத முடிவில் அவருடைய மதிப்பெண் 7-க்கு இறங்கியது. தனிநபர் சிகிச்சையாக இருந்திருந்தால் அங்கே கோப்பை மூடியிருப்பார்கள். ஆனால் அவர் தேறத் தேற எனக்குக் கோபம் வளர்ந்தது. இரண்டு ஆண்டுகளாக வீட்டையும் பிள்ளைகளையும் தவணைகளையும் தனியாகச் சுமந்தவள் நான். அவர் நன்றாக இருப்பதைப் பார்த்தபின்தான் கோபப்படத் துணிவு வந்தது போலும். சோர்ந்து கிடப்பவரிடம் யார் கணக்குக் கேட்பது? அவருடைய நோய் குணமாகிவந்த அந்த மாதத்தில்தான் மணமுறிவைப் பற்றி நான் உண்மையாகவே யோசித்தேன். 1976-ஆம் ஆண்டின் திருமண, மணமுறிவுச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாத தம்பதியரில் ஒருவர் மட்டும் மணமுறிவு கேட்டால், பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவிலாகா வழியாகச் சமரசக் குழுவைச் சந்திக்க வேண்டும் என்பதுவரை தேடிப் படித்துவிட்டேன். எட்டாம், ஒன்பதாம் அமர்வுகள் முழுவதும் இதற்கே போயின. ஆலோசகர் அவரை உட்காரவைத்து என்னைப் பேசவிட்டார். நான் சொன்னதை, பதில் சொல்லாமல், தம் சொற்களில் திரும்பச் சொல்ல மட்டும் அவருக்கு அனுமதி. நான்கு முறை தவறாகச் சொன்னார். ஐந்தாம் முறை, "நான் செத்துடுவனோன்னு நீ பயந்துகிட்டே இட்லி ஊத்திக்கிட்டு இருந்திருக்க" என்றார். அப்படி ஒரு சொல்லை நான் சொல்லவே இல்லை; ஆனால் நான் சொன்னது அதுதான்.

தம்பதியர் சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த, கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் மதிப்பாய்வு, சோர்வைக் குறைப்பதில் அது தனிநபர் சிகிச்சையைவிட மேல் என்று சொல்லவில்லை. உறவின் துயரைக் குறைப்பதில் மேல் என்றது. அதற்கான சான்றுகள் வலுவானவை அல்ல என்றும் சேர்த்தே சொன்னது. என் வீட்டு அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. அவரை மருந்தும் காலமும் மட்டுமே தேற்றியிருக்கக்கூடும். எங்களைத் தேற்றியிருக்காது.

குறைகள் சில்லறையானவை அல்ல. மையம் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரைதான், ஞாயிறு விடுமுறை. ஆலையில் ஷிப்டு வேலை செய்பவரும் பள்ளியில் வேலை செய்பவரும் சேர்ந்து வரக்கூடிய நேரம் சனிக்கிழமை மட்டுமே. அந்தச் சனிக்கிழமைகளுக்கு ஊரே போட்டி போடுகிறது. ஆலோசகர் ஒரு முறை மூன்று வாரம் விடுப்பில் போனார். மாற்று ஏற்பாடு இல்லை. அது சரியாக என் கோபம் உச்சத்தில் இருந்த சமயம். தடுப்புச் சுவர் பலகையால் ஆனது. காத்திருக்கும் இடத்தில் இருப்பவருக்கு உள்ளே அழுகிற சத்தம் கேட்கும். 130 வெள்ளி என்பது தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கும் ஒருவருக்கு வாரந்தோறும் கட்டக்கூடிய தொகையே அல்ல. குறைந்த கட்டணம் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல்கள் இவ்வகைச் சிகிச்சைக்கு 15 முதல் 20 அமர்வுகளைப் பரிந்துரைக்கின்றன. எங்களுக்குக் காசு பதினொன்றோடு நின்றது.

படிவங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருப்பதுதான், ஆசிரியை என்ற முறையில், எனக்குப் பெரிய மனக்குறை. வாய்மொழியாகத் தமிழில் சொல்லும்போது ஆலோசகரே ஓரிடத்தில் மன அழுத்தம் என்றார், ஓரிடத்தில் மன உளைச்சல் என்றார், பிறகு மனச்சோர்வு என்று திருத்தினார். நம் வானொலியிலும் நாளிதழ்களிலும் இதே குழப்பம் உண்டு. அழுத்தம் என்றால் என் கணவர், "வேலையில அழுத்தம் யாருக்குத்தான் இல்ல" என்று நகர்ந்துவிடுவார். ஒன்பது கேள்விகளையும் நல்ல தமிழில் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்கள்.

வீட்டில் பயம் இருந்தால் இங்கே சேர்ந்து போகாதீர்கள், தனியாகப் போங்கள். துணைவர் வர மறுத்தாலும் முதல் அமர்வுக்கு ஒருவர் மட்டும் போகலாம். சனிக்கிழமை வேண்டுமானால் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். பன்னிரண்டாம் அமர்வுக்கு இரண்டு மாதமாகக் காசு சேர்த்து, போன செவ்வாய்க்கிழமை நானும் எழுதினேன். இரண்டு நீலக்கோடு விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை. "வரும்மா, விடு" என்று வாசலில் தேநீரை ஆற்றிக்கொண்டே அவர் சொல்கிறார்.