6 வருடம் பாலிகார்பனேட் கண்ணாடி போட்ட அனுபவம்: அந்த நீல ஓரம் மட்டும் போகவே இல்லை

போன வாரம் என் கண்ணாடியின் இடது கம்பி ஆட ஆரம்பித்ததால் திருகு மாற்றி வாங்கி வந்தேன். அதே நாளில் தோழி ஒருத்தி கேட்டாள்: "பொண்ணுக்கு முதல் தடவையா கண்ணாடி போடப் போறோம். பாலிகார்பனேட் லென்ஸ் போடச் சொல்றாங்க. நீ ரொம்ப நாளா அதைத்தானே போட்டிருக்கே, எப்படி இருக்கு?" ஒரு வரியில் பதில் அனுப்ப முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 6. முன்பு போட்டிருந்தது சிஆர்-39 எனப்படும் வழக்கமான பிளாஸ்டிக் லென்ஸ். 6 வருடமாகப் பாலிகார்பனேட் என்ற, அடி தாங்கும் இன்னொரு பிளாஸ்டிக். இப்போது போட்டிருப்பது இரண்டாவது ஜோடி. எடை குறைவு, தடிமன் குறைவு, புற ஊதாக் கதிரைத் தானே தடுத்துவிடும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, எல்லாமே உண்மை. முதல் ஜோடி போட்ட அன்றே மூக்கின் மேல் இருந்த பாரம் பாதியாகக் குறைந்தது போல இருந்தது.

ஆனால் அந்த ஓரம்!

இரவில் சுவரில் ஒரு டியூப்லைட் எரிகிறது. நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி, லென்ஸின் விளிம்பு வழியாகப் பாருங்கள். குழலின் உள்பக்கம் நீலமாக ஒரு கோடு, வெளிப்பக்கம் ஆரஞ்சாக ஒரு கோடு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் இந்த இரட்டை ஓரம் ஒட்டிக்கொள்ளும். முதல் மாதம் என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்து பரிசோதனைக்குப் போனேன். கண் நன்றாக இருந்தது, பவரும் மாறவில்லை. வீட்டுக்கு வந்து பழைய சிஆர்-39 ஜோடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அதில் அந்தக் கோடு தேடினால்தான் தெரிந்தது.

காரணம் எளிமையானது. எந்த லென்ஸும் நீலத்தைச் சிவப்பைவிடக் கொஞ்சம் அதிகமாக வளைக்கும். எவ்வளவு அதிகம் என்பதை அபே எண் சொல்கிறது. எண் குறையக் குறைய நிறங்கள் அதிகமாகப் பிரியும். சிஆர்-39க்கு அது 58. பாலிகார்பனேட்டுக்கு வெறும் 30. மைனஸ் 6 லென்ஸில் மையத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால், ஒரு மீட்டர் தூரத்தில் நிறங்கள் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பிரிந்து விழும். சிஆர்-39இல் அது பாதிதான். மைனஸ் 1, மைனஸ் 2 போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். என்னைப் போன்றவர்களுக்கு நாள் முழுக்கக் கூடவே வரும்.

எனக்குக் கோபம் இந்தப் பொருள் மேல் இல்லை. கண்ணாடி செய்து தந்தவர் மெலிசு, லேசு, உடையாது என்று மூன்றையும் சொன்னார், இதை மட்டும் சொல்லவில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு "போகப் போகப் பழகிடும்" என்றார். 6 வருடம் ஆகிவிட்டது, பழகவில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் கழுத்து வலிக்கிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது ஜோடிக்கு வேறொருவர் மூக்கின் நடுவிலிருந்து இரு கண்மணிக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியாக அளந்தார். சின்ன ஃபிரேமாக, கண்ணுக்கு நெருக்கமாக உட்காரும்படி எடுக்கச் சொன்னார். ஓரம் வெகுவாகக் குறைந்தது. ஆக, முதல் ஜோடியில் பாதிக் குற்றம் அளவெடுத்ததில் இருந்தது. அளவு தப்பினால் மற்ற லென்ஸ் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது.

அப்புறம், என்னால் மறக்கவே முடியாத ஒரு நாள். வீட்டில் ஒரு தடித்த கம்பியைக் கட்டிங் பிளையரால் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டுப்பட்ட துண்டு சுரீரென்று பறந்து வலது லென்ஸில் மோதியது. 'டக்' என்று ஒரு சத்தம். கை நடுங்கக் கழற்றிப் பார்த்தால் லென்ஸில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு குழி, அவ்வளவுதான். விரிசல்கூட இல்லை. அது நேராகக் கண்மணிக்கு எதிரே இருந்தது. 1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெலும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டுபிடித்த பிளாஸ்டிக் இது. நிலவுக்குப் போன அப்பல்லோ வீரர்களின் தலைக்கவசக் குமிழும் இதுவே. இதையெல்லாம் படித்துத் தெரிந்து வைத்திருந்தாலும், அந்தக் குழியை நகத்தால் தடவிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. (அதற்குப் பிறகு கம்பி வெட்டும்போது பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடிதான் போடுகிறேன். சாதாரணக் கண்ணாடி அதற்கு ஈடாகாது.)

பராமரிப்பில் இரண்டு விஷயம். அடி தாங்கும் இந்தப் பொருள் கீறலைத் தாங்காது. மேலே இருக்கும் கடினப் பூச்சுதான் காப்பாற்றுகிறது. உலர்ந்த துணியால் துடைக்காமல் முதலில் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவுங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 140 டிகிரி வரைக்கும் பாலிகார்பனேட் இளகாதுதான், ஆனால் சூட்டில் அது விரியும் அளவுக்கு மேல்பூச்சு விரியாது. என் முதல் ஜோடியில் சிலந்தி வலை மாதிரிப் பூச்சு வெடித்தது அப்படித்தான். நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோன் பக்கத்திலேயே வேண்டாம், லென்ஸ் வெளுத்துவிடும்.

தோழிக்கு நான் சொன்னது இதுதான்: குழந்தைக்கு யோசிக்காமல் பாலிகார்பனேட் போடு. ஓடும், விழும், பந்து வந்து மோதும். அவள் பவர் மைனஸ் ஒன்றரைதான், நீல ஓரம் அவளுக்குத் தெரியப்போவதில்லை. கண்மணி தூரத்தை மட்டும் இரு கண்ணுக்கும் தனியாக அளக்கச் சொல்லிக் கேட்டு வாங்கு.

எனக்கு? கண்ணையே காப்பாற்றிக் கொடுத்த பொருள், ஆனாலும் அடுத்த ஜோடி பாலிகார்பனேட் இல்லை. ட்ரைவெக்ஸ் என்ற வேறொரு பிளாஸ்டிக் லென்ஸுக்குச் சொல்லியிருக்கிறேன். அதுவும் அடி தாங்கும், இன்னும் லேசானது, அபே எண் 43க்கு மேல். விளிம்பு கொஞ்சம் தடிக்கும், இருக்கட்டும். இரவில் விளக்கை விளக்காகப் பார்க்க வேண்டும் எனக்கு. குழி விழுந்த அந்தப் பழைய லென்ஸைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கட்டிங் பிளையர் இருக்கும் பெட்டியிலேயே ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.