பேக்கப் டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட்டா, ஈஎக்ஸ்டி4-ஆ?

வீட்ல ஒரு லினக்ஸ் மிஷின் எப்பவும் ஓடிட்டே இருக்கும். அதுல பேக்கப்புக்கு 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் மாட்டுறப்ப எந்த ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைலை எல்லாம் அடுக்கி வைக்கிற முறை), எக்ஸ்ஃபேட் போடவா ஈஎக்ஸ்டி4 போடவான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். ஈஎக்ஸ்டி4 தான் போட்டேன், மாத்துற எண்ணம் இல்ல.

எக்ஸ்ஃபேட்டோட பிளஸ் தெரிஞ்சது தான், விண்டோஸ்லயும் மேக்லயும் சொருகினா உடனே படிக்கும், லினக்ஸ்லயும் 5.7 கெர்னல்ல இருந்து (2020) நல்ல டிரைவர் கூடவே வருது. எனக்கு வேகத்துல பெரிய வித்தியாசம் தெரியல. எல்லாத்தையும் முடிவு பண்ணது ஓனர்ஷிப்.

எக்ஸ்ஃபேட்ல ஒரு ஃபைல் எந்த யூசரோடதுன்னு எழுதி வைக்க இடமே கிடையாது. மவுண்ட் பண்றப்ப (டிஸ்க்கை ஒரு ஃபோல்டர்ல இணைக்கிறப்ப) யூஐடி (யூசரோட நம்பர்), யூமாஸ்க் (எந்த பெர்மிஷனை எடுத்துடணும்ங்கிற நம்பர்)னு நாம என்ன சொல்றோமோ அதையே எல்லா ஃபைலுக்கும் போட்டு காட்டும். ஒண்ணும் சொல்லாம ரூட்டா (லினக்ஸோட அட்மின் யூசரா) மவுண்ட் பண்ணா எல்லாமே ரூட்டோடது, நம்மால எழுத முடியாது, சரி சௌன் (chown) கமாண்ட் அடிச்சு நம்ம பேருக்கு மாத்தலாம்னு போனா சூடோ (ரூட் அதிகாரம்) போட்டாலும் "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்" தான். எஃப்எஸ்டேப்ல (மவுண்ட் செட்டிங் இருக்க ஃபைல்) யூஐடி 1000, யூமாஸ்க் 022-ன்னு எழுதி, கழட்டி திரும்ப மவுண்ட் பண்ணணும். அப்பவும் போட்டோ வரைக்கும் எல்லாம் 755-ன்னு (யார் வேணா படிக்கலாம், ப்ரோக்ராமா ஓட்டலாம்) நிக்கும்.

பேக்கப்புக்கு இது ஆகவே ஆகாது. ஒரு தடவ எக்ஸ்ஃபேட்ல இருந்து ஹோம் ஃபோல்டரை திரும்ப எடுத்தேன், 600-ல (ஓனர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) இருந்த எஸ்எஸ்எச் (வேற மிஷினுக்குள்ள பாதுகாப்பா நுழையுற ப்ரோக்ராம்) பிரைவேட் கீ 755-ஆ வந்துச்சு, பெர்மிஷன் ரொம்ப ஓப்பனா இருக்குன்னு எஸ்எஸ்எச் அந்த கீயை தொடவே மாட்டேன்னுடுச்சு. கீ ஒண்ணு தான்னா கையால சரி பண்ணலாம், வெப் சர்வர் ஃபோல்டர், டேட்டாபேஸ் ஃபோல்டர்னு ஒவ்வொண்ணும் ஒரு யூசரோடதா இருந்தா எதை யாருக்கு கொடுக்குறதுன்னு எங்க போய் தேடுறது?

ஈஎக்ஸ்டி4-ல இந்தத் தொல்லை இல்ல, ஓனரும் பெர்மிஷனும் டிஸ்க்லயே இருக்கு, ஒரு தடவ சௌன் அடிச்சா போதும். ஆனா மவுண்ட் பண்ண *பிறகு* அடிக்கணும். நான் முதல்ல காலி ஃபோல்டருக்கு அடிச்சிட்டு மவுண்ட் பண்ணேன், பாத்தா திரும்ப ரூட். ஏன்னா மவுண்ட் ஆனதும் அந்த ஃபோல்டர் அடியில மறைஞ்சிடும், மேல தெரியுறது டிஸ்க்கோட சொந்த முதல் ஃபோல்டர். வீட்ல ரெண்டு பேர் எழுதணும்னா அந்த முதல் ஃபோல்டருக்கு பொது குரூப் ஒண்ணு போட்டு 2775 பெர்மிஷன் கொடுங்க, புது ஃபைல் எல்லாம் அந்த குரூப்லயே விழும். அடியில இருக்க காலி ஃபோல்டரை, டிஸ்க்கை மாட்டுறதுக்கு முன்னாடியே, சாட்டர் பிளஸ் ஐ (chattr +i) கமாண்ட் போட்டு யாரும் எழுத முடியாம பூட்டிடுங்க. டிஸ்க் மாட்டாத அன்னைக்கு பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடி மெயின் டிஸ்க்கை ரொப்பாது.

ஈஎக்ஸ்டி4-லயும் குறை இல்லாம இல்ல. 5 சதவீத இடத்தை ரூட்டுக்குன்னு ஒதுக்கி வெச்சுக்கும், 2 டிபில அது 100 ஜிபி, டியூன்2எஃப்எஸ் கமாண்ட்ல குறைச்சுக்கலாம். ஓனரை பேரா வைக்காம நம்பரா வைக்கிறதால இன்னொரு மிஷின்ல மாட்டினா 1000 வேற ஆளா இருக்கலாம். நாலஞ்சு மிஷினுக்கு சுத்துற டிஸ்க்ல எனக்கு அனுபவம் கம்மி, அதுக்கு எக்ஸ்ஃபேட் தான் சுலபமா இருக்கும்னு தோணுது. ஜெராக்ஸ் கடைக்கு கொண்டு போற என் பென்டிரைவ் இன்னும் அதுல தான் இருக்கு.